மூலைக் கட்டம்

மருந்துக்கடைக்காரரின் புகார் என் போனுக்கு வந்தபோது நான் ஆபீஸ் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதைச் சாப்பிடத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அக்காவின் கணவரான என் அத்தான் எழுதி ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்த பதிவு சாஃப்ட்வேரை ஆரம்பத்திலிருந்தே வீட்டில் வைத்திருப்பவர். டிவியில் வரும் ஃபுட்பால் மேட்ச்சுகளைக் கம்ப்யூட்டரில் பிடித்துவைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கடையைச் சீக்கிரம் மூடிவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு குறையாவது அவரிடமிருந்து வந்துவிடும். வராவிட்டால் மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ என்று அத்தான் கவலைப்படுவார். அன்றைக்கு வந்தது இது: "தம்பி, புது சிஸ்டத்துக்கு மாறலாம்னு சொன்னீங்க, மாறினேன். நான் பூட்டுப் போட்டு வெச்சிருந்த பழைய மேட்ச்செல்லாம் ஒவ்வொண்ணா காணாமப் போகுது. லிஸ்ட்ல பார்த்தா பூட்டு சிவப்பாத்தான் தெரியுது. மறுநாள் பார்த்தா அந்த மேட்ச்சே இல்ல. உங்க சாஃப்ட்வேருக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டேன். அது தொண்டையில் இறங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை மூடக்கூடத் தோன்றாமல் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. வீட்டு டிவியை ஓயாமல் பதிவு செய்துகொண்டே போனால் எவ்வளவு பெரிய டிஸ்க்கும் ஒரு நாள் நிரம்பும். நிரம்பினால், இருப்பதிலேயே பழைய பதிவை அழித்து இடம் பண்ண வேண்டும். யாராவது ஒரு பதிவுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அதைத் தொடக் கூடாது, அதற்கு அடுத்ததை அழிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு அத்தான் 'துடைப்பம்' என்று பெயர் வைத்திருந்தார். "இத்தனை வருஷத்துல என் துடைப்பம் ஒரு தடவகூட தப்பா பெருக்கினதில்ல" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. மருந்துக்கடைக்காரர் வீட்டில் இப்போது அது பூட்டையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறது என்றால் எங்கள் வீட்டிலும் அதையேதான் செய்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டுப் பதிவுப் பெட்டியில் இருப்பதிலேயே பழையது, டிவியில் வந்த என் அக்கா.

அத்தானைப் போனில் கூப்பிட்டேன். அவர் ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறார். மிஷின் ரூமுக்குள் போய்விட்டால் போன் எடுக்க மாட்டார். வீட்டில் அவர் மகள் சிட்டு மட்டும்தான். அவளுக்குப் போன் பண்ணிப் பிரயோஜனமில்லை, பிறவியிலேயே காது கேட்காது. மெசேஜ் அனுப்பினேன்.

"சிட்டு, பெட்டிய உடனே அணை. பிளக்கையே பிடுங்கிடு."

"ரெகார்டிங் ஓடிட்டிருக்கு. அப்பா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நான் சொல்றேன்ல. பிடுங்கு."

"பிடுங்கிட்டேன். ஏன் சித்தி?"

தலைவலி என்று மேனேஜரிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அந்த 'ஏன் சித்தி' கையிலேயே இருந்தது.

அக்கா சின்ன வயசில் வாய் ஓயாமல் பேசுவாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். குழந்தைக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னபோது அத்தான் ஆஸ்பத்திரி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை. அடுத்த வாரமே சைகை மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாயால் பேசியது போதாதென்று கையாலும் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச வருஷத்தில் அவளுக்கு அதுவே பிழைப்பாகிவிட்டது. உள்ளூர் சேனல் ஒன்றின் மதியச் செய்தியில், திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நின்று, வாசிப்பவர் சொல்வதையெல்லாம் சைகையில் சொல்லும் வேலை. "நம்ம ரேடியோ டிவிக்குப் போயிடுச்சுப்பா" என்று எங்கள் அப்பா எதிரே வந்தவரிடமெல்லாம் சொன்னார்.

செய்தி ஒளிபரப்பாகும் நேரத்தில் சிட்டு ஸ்கூலில் இருப்பாள். அவள் வீடு திரும்பும்போது அக்கா இன்னும் ஸ்டூடியோவில் இருப்பாள். அந்த இரண்டு மணி நேரம் வெறும் வீட்டில் குழந்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக அத்தான் எழுதியதுதான் அந்த சாஃப்ட்வேர். ஆன்டெனா கம்பியைக் கம்ப்யூட்டரில் சொருகி, தினமும் மதியச் செய்தியைத் தானாகவே பிடித்து வைக்கும்படி செய்தார். சிட்டு வந்ததும் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவைப் பார்ப்பாள். விலைவாசி, விபத்து, வெள்ளம், மந்திரி சொன்னது எல்லாவற்றையும் பார்ப்பாள். அந்த வயசில் அந்தத் தெருவிலேயே அவ்வளவு செய்தி தெரிந்த ஆள் அவள்தான். முடிந்ததும் ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கிப் பூட்டுப் போடுவாள். பூட்டுவது அவள் வேலை. வேறு யாரும் அதைச் செய்துவிட முடியாது, செய்தால் வீடு ரெண்டாகும்.

அவள் முடிவு வரைக்கும் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. காது கேட்காதவர்கள் நடுவே ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் உண்டு. சிட்டு என்று நாங்கள் கூப்பிடுகிறோமே, அந்தச் சத்தத்தை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு அது பெயரே இல்லை. அவள் முகவாயில் ஒரு குழி உண்டு. சுண்டுவிரலால் முகவாயைத் தொட்டால் அதுதான் அவள். அக்கா வைத்த பெயர். செய்தி முடிந்து, வணக்கம் சொல்லி, கையை இறக்கும் முன்னால் அக்கா ஒரு நொடி தன் முகவாயைச் சுண்டுவிரலால் தொடுவாள். பார்ப்பவருக்கு வேர்வையைத் துடைப்பது போல இருக்கும். சேனலில் ஒருத்தர் கேட்டேவிட்டாராம், ஏம்மா தினமும் முகவாயைத் தொடறே என்று. "லைட் சூடு சார்" என்றாளாம் அக்கா. ஊரே பார்க்கிற டிவியில் தினமும் தன் பெயர் வருகிறது என்ற ரகசியம் அந்தக் குழந்தைக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது.

அத்தானுக்குச் சைகை வராது. முயற்சி பண்ணாமல் இல்லை. அவர் விரல்கள் கீபோர்டில் ஓடும், காற்றில் தடுமாறும். சாப்பிடு, தூங்கு, ஸ்கூல், போதும் என்கிற அளவில் நின்றுவிட்டார். மற்றதெல்லாம் அக்கா நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்வாள். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் லைட் சுவிட்சை இரண்டு தடவை தட்டுவார். அக்கா செத்த பிறகு நடுவில் ஆள் இல்லை. அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்துகொண்டு அப்பனும் மகளும் போனில் மெசேஜ் அனுப்பிக்கொள்வதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வரும். "ஒரு பத்து வார்த்தையாவது கத்துக்கோங்களேன் அத்தான்" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "தப்புத் தப்பா பண்ணா அவ சிரிக்கிறாம்மா" என்பார். சிரித்தால் என்ன, சிரிக்கட்டுமே என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

சாஃப்ட்வேரை மற்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்குக் கொண்டுவாருங்கள் என்று அவருக்கு வராத கோரிக்கை இல்லை. மருந்துக்கடைக்காரரும் அதில் ஒருவர். அத்தான் எல்லோருக்கும் ஒரே பதில் போடுவார்: இது என் வீட்டுக்கு எழுதியது, என் வீட்டுப் பெட்டியில் ஓடினால் போதும். இந்த வருஷம்தான் சிட்டுவுக்கு வெளியூரில் காலேஜ் கிடைத்தது. ஹாஸ்டல். அட்மிஷன் போட்டபோதே அவர்கள் கொடுத்த லேப்டாப் வேறு சிஸ்டம். வீட்டுப் பெட்டியும் இருமத் தொடங்கியிருந்தது. பழைய சிஸ்டத்தை இனிக் கவனிக்க மாட்டோம் என்று அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். ஒரு நாள் சிட்டு பக்கத்து அறையிலிருந்து மெசேஜ் அனுப்பினாள்: "அம்மாவ என் லேப்டாப்ல போட முடியுமா?" அன்று சாயங்காலமே அத்தான் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பாதி வேலை எனக்கு. திரையில் தெரிவதெல்லாம் நான்: லிஸ்ட், படங்கள், பட்டன்கள், அந்தச் சிவப்புப் பூட்டு. டிஸ்க்கில் நடப்பதெல்லாம் அவர்: பதிவு, தேதி, துடைப்பம். மூன்று சிஸ்டத்திலும் ஓட வேண்டும். வீட்டுக்கு வாங்கிய புதுப் பெட்டி ஒன்று, சிட்டுவின் லேப்டாப் ஒன்று, என் ஆபீஸ் லேப்டாப் ஒன்று. சிட்டுதான் பரிசோதகர். குறை கண்டுபிடிப்பதில் அவள் அவள் அம்மாவேதான். கோளாறு ஒன்று கிடைத்தால் மேஜையில் படாரென்று ஓர் அடி அடிப்பாள், அடுத்த அறையில் அத்தான் நாற்காலியோடு துள்ளுவார். பிறகு இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு உட்காருவார்கள். அவள் விரலால் சுட்டுவாள், அவர் தலையாட்டுவார். அக்கா போன பிறகு அந்த வீட்டில் நான் பார்த்த நல்ல நாட்கள் அவைதான். புதுப் பெட்டி தாங்குகிறதா என்று பார்க்க மூன்று சேனலை ஒரே சமயத்தில் பகலும் இரவும் பதிவு செய்யும்படி வைத்திருந்தார் அத்தான். "டிஸ்க் நிரம்பட்டும், அப்பத்தானே துடைப்பம் வேலை செய்யுதான்னு தெரியும்" என்று அவர் சொன்னபோது நானும் ஆமாம் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிட்டு கதவருகிலேயே நின்றிருந்தாள். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள், அது ஏதோ கடிக்கிற பிராணி போல. எனக்குச் சைகை ஓரளவு வரும், கற்றுக்கொள்ளாமல் அக்கா விடவில்லை. ஏன் என்று கேட்டாள். அப்பா வரட்டும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். காதுள்ளவர்களிடம் பொய் சொல்லித் தப்பிக்கலாம். அவளிடம் முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து வேண்டாத டீயைப் போட்டேன்.

அத்தான் வந்தார். மருந்துக்கடைக்காரரின் புகாரை அவரிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார். படித்து முடிக்கும் முன்பே நாற்காலியைத் தேடிக் கை பின்னால் போயிற்று.

"பூட்டு ஃபைலோட ஒட்டியிருந்துச்சும்மா" என்றார். "பழைய சிஸ்டத்துல ஃபைல் முதுகுல ஒரு சீட்டு ஒட்டலாம். நான் அதுலதான் எழுதி வெச்சேன். புதுசுக்கு அந்தச் சீட்டுன்னா என்னன்னே தெரியாது. காப்பி பண்ணும்போது உரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கு."

"நீங்க டெஸ்ட் பண்ணீங்களே."

"புதுசா பதிவு பண்ணினதுக்குப் பூட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணேன். அது நின்னுச்சு. அதுக்குப் புது மாதிரி எழுதியிருக்கேன்." போனை என்னிடம் நீட்டினார். "லிஸ்ட்ல பூட்டு தெரிஞ்சுச்சேம்மா."

தெரிந்ததுதான். லிஸ்ட் ஒரு தனிக் கோப்பு, அது பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. அதைப் பார்த்து என் திரை வரிசையாகச் சிவப்புப் பூட்டுகளைப் போட்டது. துடைப்பம் லிஸ்ட்டைப் பார்க்காது, ஃபைலின் முதுகைத்தான் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை என்று அது அள்ளிக் கொட்டியது. அழித்துவிட்டு ஒழுங்காக லிஸ்ட்டிலிருந்தும் ஒரு வரியை எடுத்தது. லிஸ்ட்டில் புதியது மேலே, பழையது அடியில். அத்தனை கீழே யார் இறங்கிப் பார்க்கிறார்கள். அவர் எழுதியதும் சரியாக வேலை செய்தது, நான் எழுதியதும் சரியாக வேலை செய்தது.

"மிரர் போட்டிருக்கீங்களே அத்தான்? ஒண்ணுல இருக்கிறது ரெண்டாவது டிஸ்க்லயும் இருக்குமே?"

"மிரர்னா கண்ணாடிம்மா. இங்க ஆள் போயிட்டா கண்ணாடியில மட்டும் நிக்குமா?"

"பழைய டிஸ்க்கு?"

"அதைத்தான் துடைச்சு ரெண்டாவதா போட்டேன்" என்றார். டிஸ்க் ஒன்று செத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, பாதுகாப்புக்கென்று செய்த காரியம் அது. அவரைத் திட்ட வேண்டும் போலவும், தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி, எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்படி என் லேப்டாப்பில் மாட்டினோம். அழிந்த ஃபைல்களைத் தோண்டியெடுக்கும் புரோகிராம் ஒன்றை அத்தான் ஓட்டினார். சிட்டு எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரையைப் படித்தாலே போதும், அவள்தான் பரிசோதகர். தோண்டியதில் ஒரு ஃபைல் வந்தது. அவள் முதல் முதலாக ஸ்கூலுக்குப் போன வருஷத்துத் தேதி. அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், திறந்தோம். எண்ணெயே வேண்டாம், ஒட்டவே ஒட்டாது என்று ஒரு பெண் வாணலியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததைத் திறந்தோம். வானிலை. அதற்கடுத்ததில் பாதி கறுப்பு, மீதி மறுபடியும் அந்த வாணலி. அக்கா இருந்த இடத்தின் மேலேயே மூன்று சேனலின் விளம்பரங்களையும் கொட்டி நிரப்பியிருந்தோம். அந்த வாணலிக்காரி மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சிட்டு லிஸ்ட்டை அடிவரைக்கும் இறக்கினாள். பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் துடைப்பம் எங்கே நின்றிருந்ததோ அங்கே லிஸ்ட் முடிந்தது. மிச்சம் இருந்தது அக்காவின் கடைசி வருஷம். அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். சுண்டுவிரலை முகவாயில் வைத்தாள், பிறகு திரையைக் காட்டினாள், பிறகு கையை விரித்தாள்.

"என்ன கேக்குறா?" என்றார் அத்தான்.

"அவ பேரு இருக்கான்னு கேக்குறா."

அத்தானுக்கு விடை தெரியும். எனக்கும் தெரியும். கேட்டவளுக்கும் தெரியும். அந்தக் கடைசி வருஷத்தில் செய்திப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்திருந்தார். வாசிப்பவர் வணக்கம் சொன்னதும் மூலைக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், விளம்பரத்துக்கு நொடி மிச்சம் என்று உத்தரவு போட்டார். அக்கா கையைத் தூக்குவதற்குள் கட்டம் மூடிவிடும். சிட்டு அதற்காக டிவியின் மேல் செருப்பைத் தூக்கி எறிந்தாள். அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "கட்டம் மூடினதுக்கு அப்புறமும் பண்றேன்டி. கேமராக்காரர் மட்டும் பார்த்துட்டு என்னடா இதுன்னு முழிக்கிறாரு." அப்போதே அவளுக்கு உடம்பு போய்க்கொண்டிருந்தது. விரல்கள் வீங்கி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டாள். எங்களிடம் மிச்சமிருப்பது அந்த வீங்கிய கைகள்தான். கட்டம் மூடும் வரைக்கும்.

சிட்டு அழுதிருந்தால் நாங்களும் அழுது தொலைத்திருப்போம். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் எழுந்து போய் அவள் அறை விளக்குக்கு வெளியேயும் வைத்திருந்த சுவிட்சை இரண்டு தடவை தட்டினார். கதவிடுக்கில் வெளிச்சம் அணைந்து எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு தடவை தட்டினார். பிறகு உள்ளேயிருந்து அவளே விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் நான் சேனல் ஆபீஸுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் நல்ல மாதிரி, உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். அக்காவை அவருக்கு ஞாபகம் இருந்தது. "ரொம்பப் பேசுவாங்களே, அவங்கதானே?" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "நியூஸ யாருங்க வெச்சுப்பாங்க? கொஞ்ச நாள் இருக்கும். இடம் பத்தலைன்னா பழசுலேர்ந்து போயிடும்." எங்கள் துடைப்பம் போலத்தான் அவர்களுடையதும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது ஸ்டூடியோ கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வேறு யாரோ மூலைக் கட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

அத்தான் லீவு போட்டு அந்தக் கோளாறைச் சரிசெய்தார். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை, சில வரிகள்தான். துடைப்பம் இனி லிஸ்ட்டையும் பார்க்கும், ஃபைலையும் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கையை எடுத்துவிடும். எழுதிக்கொண்டிருந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயன்படுத்துகிறவர்கள் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். சில பேர் திட்டினார்கள், ஒருவர் குழந்தையின் பாட்டுப் போட்டி போய்விட்டது என்று எழுதியிருந்தார். மருந்துக்கடைக்காரர் திட்டவில்லை. "விடுங்க தம்பி. மேட்ச் தானே, யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்கு மனப்பாடம். உங்க வீட்ல எல்லாம் பத்திரமா இருக்கா?" என்று எழுதியிருந்தார்.

அத்தான் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா எழுதறது?" என்றார்.

"உண்மையை எழுதுங்க."

அவர் பத்திரம் என்று எழுதினார்.

சிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாள் வந்தது. பெட்டி, படுக்கை, வாளி எல்லாம் ஹாலில் கிடந்தன. இத்தனை நாளும் அவள் எங்களிடம் கோபமாக இருக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டாள், துணி மடித்தாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். மேஜையை மட்டும் அடிக்கவில்லை. மிச்சமிருந்த பதிவுகளை அவள் லேப்டாப்பில் ஏற்றி முடித்தாயிற்று. ஓடுகிறதா என்று பார்க்கலாமா என அத்தான் மெசேஜில் கேட்டார். அதே அறையில், இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மெசேஜ். அவள் போனைப் பார்த்துவிட்டு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கவாட்டில், அத்தான் அவளுக்குப் பின்னால் நின்றார்.

அவளே மூன்றையும் வரிசையாக வைத்தாள். வீட்டுப் பெட்டியின் திரை, அவள் லேப்டாப், என் லேப்டாப். மூன்று சிஸ்டம். மூன்றிலும் ஒரே பதிவு, அக்கா கடைசியாக வேலைக்குப் போன நாள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். படம் தெளிவாக வந்தது. நிறம் சரியாக இருந்தது. எங்கேயும் திக்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருப்போம். எங்கேயோ பாலம் இடிந்திருந்தது, ஏதோ ஒரு விலை ஏறியிருந்தது. மூலையில் அக்கா, முகம் உப்பி, கழுத்தில் எலும்பு தெரிய, எல்லாவற்றையும் அந்தப் பருத்த விரல்களால் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டத்தில் மூன்று திரைக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, ஒன்றில் சொன்னதை அடுத்ததில் மறுபடி சொன்னாள்.

வாசிப்பவர் வணக்கம் சொன்னார். அக்காவும் கைகூப்பினாள். கூப்பிய கை பிரிந்து, வலது கை கொஞ்சம் மேலே வந்தது. கட்டம் மூடுவதற்கு முந்தைய கணத்தில் சிட்டு படத்தை நிறுத்தினாள். இரண்டாவது திரையிலும் அதே இடத்தில் நிறுத்தினாள். மூன்றாவதிலும். மூன்று திரையிலும் நெஞ்சுக்கு நேரே கை நின்றது, சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து லேசாகப் பிரிந்திருந்தது. சிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, அந்தக் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பது போல முகத்தைத் திரைக்கருகில் கொண்டுபோனாள்.

அவளுக்குப் பின்னால் அத்தான் தன் வலது கையைத் தூக்கினார். லைட் சுவிட்சுக்குத்தான் போகிறாரென்று நினைத்தேன். கை அந்தப் பக்கம் போகவில்லை. மற்ற விரல்களை மடக்கத் தெரியாமல் ஒரு தரம் திணறி, இடது கையால் அவற்றைப் பிடித்து மடக்கி, சுண்டுவிரலை முகவாயில் கொண்டுபோய் வைத்தார். குழி இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே, உதட்டுக்குக் கீழே. வைத்த விரலை எடுக்காமல் நின்றார். சிட்டு இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.